118 படிக்குக் கீழே ஒரு குளம்: கோத்தகிரி வீடொன்றின் செலவுக் கணக்கு

அத்தை எழுதிக் கொடுத்த மதிப்பீடு 49,060 ரூபாய். வேலை முடிந்த அன்று கூட்டிப் பார்த்தால் 75,420. ஜனவரியில் ஒரு காட்டெருமை வந்து போன பிறகு 86,670. ஏன் இப்படி ஏறியது என்று நோட்டை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். அத்தை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் அரவேனுவைத் தாண்டினால், சாலைக்குக் கீழே அவர் வீடு. வண்டி சாலையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து 118 படி. வீட்டுக்குப் பின்னால் சமதளமாக்கிய சின்ன இடம், அதன் விளிம்பில் ஒரு கல் தடுப்புச்சுவர், அதற்கும் கீழே இன்னொருவரின் தேயிலை. "பொடக்காளியில ஒரு குளம் வேணும் கண்ணு, அல்லி பூக்கணும், நாலு மீன் ஓடணும்" என்பது அவர் கேட்டது. மாமா போன பிறகு அத்தை தனக்கென்று கேட்ட முதல் பொருள் இது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கோவையிலிருந்து ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டோம். 1,40,000 என்றார்கள், வண்டி இடம் வரை வரும் என்ற கணக்கில். வராது என்றதும், சுமை கூலி தனி என்றார்கள். எவ்வளவு என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. நாமே ஆள் வைத்துச் செய்வோம் என்று முடிவானது.

மதிப்பீடு

அவரைக்கொட்டை வடிவம். நீளம் 3.5 மீட்டர், அகலம் 2.2, ஆழம் முக்கால் மீட்டர். வளைவான குளத்துக்கு நீள அகலத்தைப் பெருக்கி அதில் முக்கால் பங்கு எடுத்தால் பரப்பு கிட்டத்தட்டச் சரியாக வரும்: 5.8 சதுர மீட்டர். செடி வைக்கும் படிக்கட்டைக் கழித்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

அடியில் விரிக்கும் லைனருக்குக் கணக்கு வேறு. நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும், கரையில் மடக்கிப் புதைக்க இரு பக்கமும் அரை மீட்டர் அளவுக்குச் சேர்க்க வேண்டும். நாங்கள் 45 சென்டிமீட்டர் விட்டோம். 5.9க்கு 4.6 மீட்டர், அதாவது 292 சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஈ.பி.டி.எம். ரப்பர், சதுர அடி 52 ரூபாய் என்று 15,200 எழுதினோம்.

சில்பாலின் என்ற பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. காய்கறித் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அதுவே போதும். ஆனால் வளைவும் படிக்கட்டும் உள்ள குழியில் அது மடிப்பு மடிப்பாக நிற்கும், குளிரில் விறைக்கும். சிமெண்ட் தொட்டியா என்று ஒரு பேச்சு வந்தது. மலைச்சரிவில் மண் லேசாக அசைந்தாலும் சிமெண்ட் விரிசல் விடும். புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு போக வாரக்கணக்கில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றவும் வேண்டும். தண்ணீர்தான் இங்கே இல்லாத பொருள்.

மற்றவை: குழி தோண்ட 6 ஆட்கூலி, ஆளுக்கு 900 வீதம் 5,400. லைனருக்குக் கீழே போடும் துணி விரிப்பு 2,000. பம்பும் வடிகட்டியும் 8,000. கரண்டு வேலை 3,000. ஓரக் கல், மணல், ஜல்லி 4,000. வண்டி வாடகையும் சுமையும் 3,000. செடி, மீன் 4,000. ஆக 44,600. எதற்கும் இருக்கட்டும் என்று பத்து சதவீதம் சேர்த்து 49,060. நான் சரிபார்த்துக் கீழே ஒரு டிக் போட்டேன். அந்த டிக் இன்னமும் நோட்டில் இருக்கிறது.

கடப்பாரை இறங்கிய இடம்

அத்தை சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தது தடுப்புச்சுவரிலிருந்து நாலடி தள்ளி. அங்கே உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மேஸ்திரி வந்து கோட்டைப் பார்த்தார், சுவரை எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். பொதுக்கென்று முக்கால் அடி இறங்கியது. பிடுங்கியபோது நுனியோடு வந்தது அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, துருப்பிடித்த ஒரு பட்டன். பிறகு வீட்டுப் பக்கமாகப் பன்னிரண்டு அடி மேலே நடந்துபோய் அங்கே ஒரு குத்து. ணங்கென்றது. அவர் கை அதிர்ந்தது பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

"அது கொட்டு மண்ணுங்க டீச்சரம்மா. வீடு கட்டுறப்ப மேல வெட்டி அங்க தள்ளியிருக்காங்க. இதுதான் வெட்டு மண்ணு. இங்க வெட்டுனா குளமும் நிக்கும், சுவரும் நிக்குமுங்க."

தண்ணீரின் கனம் சுவரைத் தள்ளிவிடும் என்று பயப்படுகிறார் போலும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. அந்தக் குழியிலிருந்து எடுக்கும் 4 கன மீட்டர் மண் ஏழு டன் அளவுக்கு வரும். அதில் நிரம்பப் போகும் தண்ணீர் நான்கே டன். பாரம் குறையத்தான் செய்கிறது. பயம் கசிவில், வழிவதில். கொட்டு மண் தண்ணீரைக் குடித்துக் கொழகொழத்தால் சுவரை உள்ளிருந்து தள்ளும். சுவரில் விட்டிருக்கும் கசிவுத் துளைகள் மழைத் தண்ணீருக்கானவை. நாளெல்லாம் ஊறும் குளத்துக்கு அவை போதாது. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைக் கண்ணால் பார்த்த ஊர் இது. மேஸ்திரி அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அத்தையும் பேசவில்லை. காலால் சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டு, "சரி, இங்கயே வெட்டுங்க" என்றார்.

பள்ளத்தாக்குக் காட்சி போயிற்று. கூடவே செலவும் மாறியது. வெட்டு மண்ணில் இரண்டடிக்குக் கீழே உருண்டைப் பாறைகள். 6 ஆட்கூலி 10 ஆனது, 9,000 ரூபாய். பொக்லைன் வைக்கலாமே என்று ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் யோசனை சொன்னார். நீலகிரியில் அந்த இயந்திரத்தை முன் அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் 118 படியில் அது எப்படி இறங்கும்?

ஒரு நல்ல காரியம்: உடைத்தெடுத்த பாறையே குளத்தின் ஓரக் கல்லாயிற்று. குழி தோண்டிய ஆட்களே அடுக்கியும் கொடுத்தார்கள். 4,000 போட்டிருந்த இடத்தில் மணலுக்கும் ஜல்லிக்கும் மட்டும் 2,400 ஆனது. தோண்டிய மண் குழிக்குள் இருந்ததைவிடக் கால் பங்கு பொங்கும். அதைச் சரிவில் கொட்டாமல் மேல்பக்கம் பாத்தியாகக் கட்டச் சொன்னோம். இப்போது அதில் பீன்ஸ் நிற்கிறது.

வழிகிற தண்ணீருக்கு வழி

மதிப்பீட்டில் இந்தத் தலைப்பே இல்லை. அத்தையின் எண்ணம், கூரைத் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பிவிடலாம், நிரம்பினால் ஒரு ஹோஸ் வழியாகக் கீழே தேயிலைக்குப் போகட்டும் என்பது. கூரைத் தண்ணீர் நல்ல யோசனைதான். வீட்டுக் கூரை 70 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 70 லிட்டர், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 56 லிட்டர் கிடைக்கும். 70 மில்லிமீட்டர் பெய்தால் குளம் நிரம்பிவிடும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையில் இது சில நாள் வேலை.

அதே கணக்கை மேலே கொண்டுபோனால்தான் வயிறு கலங்குகிறது. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் கூரையிலிருந்து 5,600 லிட்டர் வரும். முழுக் குளத்தையும் விட அதிகம். குளம் ஏற்கெனவே நிரம்பி நின்றால் அத்தனையும் வழிய வேண்டும், எங்கே? அடுத்தவர் தேயிலைக்குள், அதுவும் தடுப்புச்சுவரின் காலடியில்.

கொடைக்கானல் ஏரியை 1863இல் லெவிஞ்ச் துரை உண்டாக்கினார் என்பார்கள். அவர் செய்தது பள்ளத்தில் ஓடிய நீரை மறித்துக் கரை கட்டியது. ஏரிக்கு வாயும் வடிகாலும் மலையே முன்கூட்டி வகுத்து வைத்திருந்தது. நாம் செய்வது மேட்டில் ஒரு குழி. வடிகாலை நாம்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

நான்கு அங்குல பி.வி.சி. குழாய் 18 மீட்டர், வீட்டுக்குப் பக்கவாட்டில் ஏற்கெனவே கல் பாவி இருந்த வாய்க்கால் வரை. குழாயும் இணைப்புகளும் 4,700, பள்ளம் தோண்ட மூன்று ஆட்கூலி 2,700, சருகு அடைக்காமல் வலை வைத்த ஒரு சின்னப் பெட்டித் தொட்டியும் வாய்க்காலில் விழும் இடத்தில் கல் பாவியதும் 5,100. மொத்தம் 12,500. இரண்டு அங்குலம் போதாதா என்று நான் கேட்டேன். மேஸ்திரி கொல்லையில் கிடந்த சில்வர் ஓக் சருகு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கை அகலம் இருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கூரைக் குழாயிலும் ஒரு பிரிப்பு வைத்தோம். மூடியைக் கழற்றினால் தண்ணீர் குளத்துக்குப் போகாமல் நேரே வாய்க்காலுக்குப் போகும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விடவும் அதுவே பயன்படுகிறது.

118 படி

லைனர் கடைக்காரர் ஐந்துக்கு ஆறு மீட்டராகத்தான் வெட்டித் தருவேன் என்றுவிட்டார். 323 சதுர அடி, 16,796 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்து 19,820. நாங்கள் வரியை எழுதவே இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன் செய்கிற தவறா இது என்று என் மனைவி கேட்டாள், நியாயம்தான். மீந்த துண்டை வீணென்று எறிய இருந்தேன். அத்தை சுருட்டிப் பரணில் போட்டார். அது பின்னால் உதவியது.

ஆனால் உண்மையான அடி சுமையில். கால் யூனிட் ஜல்லி என்பது 25 கன அடி, சுமார் 1,100 கிலோ. சாக்குக்கு 25 கிலோ கட்டினால் 44 நடை. மணலும் கால் யூனிட், அது இன்னொரு 44. சிமெண்ட், டிரம், குழாய், இரண்டு பேர் தோளில் கம்பு கொடுத்துத் தூக்கிய லைனர் உருளை என்று எல்லாம் சேர்த்து 110 நடைக்குக் குறையாது. நடை ஒன்றுக்கு 118 படி இறங்கி, வெறுங்கையோடு 118 படி ஏற வேண்டும். ஒரு ஆள் நாளைக்கு 18, 20 நடைக்கு மேல் நடக்க முடியாது. 6 ஆட்கூலி 5,400. டீ, வடை, மதியச் சாப்பாட்டில் பங்கு என்று 400. கோவைச் சாமானுக்கும் மணல் ஜல்லிக்கும் 'சின்ன யானை' என்கிற குட்டிச் சரக்கு வண்டி வாடகை 5,600. ஆக 11,400. நாங்கள் எழுதியிருந்தது 3,000.

பொருளின் விலையைக் கேட்டுக் கேட்டு எழுதினோம். பொருள் வரும் வழியையும் தண்ணீர் போகும் வழியையும் எழுதவில்லை. பத்து சதவீத ஒதுக்கைச் சேர்க்காத 44,600ஐத் தாண்டிய 30,820 ரூபாயில் 20,900 இந்த இரண்டு வழிக்கும் போனது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பத்து சதவீத ஒதுக்கு சமவெளிக்குச் சரியாக இருக்கலாம். இங்கே அது படி எண்ணிக்கையைப் பொறுத்தது. மலையில் குளம் போட நினைக்கிறவர் முதலில் வெறுங்கையோடு இரண்டு நடை நடந்துவிடுவது நல்லது: சாலையிலிருந்து குழி வரை ஒன்று, குழியிலிருந்து வாய்க்கால் வரை ஒன்று. லைனர் விலையை அப்புறம் விசாரிக்கலாம்.

கரண்டு, பம்பு, மாதம்

கரண்டு வேலைக்கு 3,000 என்று எழுதியது அறியாமை. வீட்டிலிருந்து குளத்துக்கு 25 மீட்டர். தண்ணீருக்குள் மின்சாரம் வைக்கிறோம், கொடிக்கயிறு மாதிரி ஒயரைத் தொங்கவிட முடியாது. கவசம் போட்ட கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைத்துவிடும் பாதுகாப்பு சுவிட்சும் எர்த்தும் போட்டோம். 8,600. இதில் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பம்பு 40 வாட். குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வடிகட்டிக்குள் போய் வர வேண்டும். அதற்கு மணிக்கு 2,000 லிட்டர் போதும். ஆனால் உயரம் ஏற ஏறப் பம்பின் ஓட்டம் குறையும் என்பதால் 3,000 எழுதியதை வாங்கினோம். வடிகட்டி நீல டிரம்மில் பஞ்சும் ஜல்லியும் போட்டு நாங்களே செய்தது. இரண்டும் 7,700, மதிப்பீட்டுக்குக் கீழே நின்ற மூன்றில் இதுவும் ஒன்று. இரவில் பம்பை அணைத்துக் கரண்டை மிச்சம் பிடிக்க அத்தை பார்த்தார். வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஓடும் தண்ணீரின் பிராணவாயு வேண்டும், அணைத்தால் அவை செத்துப்போகும் என்று சொல்லி நிறுத்தினேன். நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாதப் பில்லில் 58 யூனிட். அத்தை வீட்டுக்கு முன்பு 190 வந்துகொண்டிருந்தது, இப்போது 248. பில் சுமார் 250 ரூபாய் ஏறியது. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடாக இருந்தால் யோசிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் மாறிவிடும்.

வேலை செய்த மாதமும் காசுதான். பிப்ரவரியில் தோண்டினால் மண் காய்ந்து நன்றாக இருக்கும், நிரப்பத் தண்ணீர் இருக்காது. நவம்பரில் தோண்டினால் குழியே சரியும். கோத்தகிரி தொட்டபெட்டா மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே அவ்வளவாக அடிப்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடித்தோம், அக்டோபர் மழை நிரப்பிக் கொடுத்தது. தண்ணீர்ச் செலவு சுத்தமாக இல்லை. கூடலூர்க்காரர்கள் இந்த நாள்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே அந்த மாதங்களில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்.

துணி விரிப்பு 2,100. செடியும் மீனும் 1,900 மட்டும். இரண்டு அல்லிக் கிழங்கு, கரையோரம் வசம்பு, பத்து தங்க மீன். தங்க மீன் குளிரைத் தாங்கும். இரவு பத்து டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் அவற்றுக்குத் தீனி போடுவதில்லை, செரிக்காது.

ஜனவரி விருந்தாளி

பொங்கலுக்கு மறுவாரம் காலையில் அத்தை கூப்பிட்டார். "கண்ணு, குளத்துல ஒரு சாண் தண்ணி குறைஞ்சிருக்கு. பக்கத்துல ஒரு தட்டு அகலத்துக்குக் குளம்படி." ராத்திரி காட்டெருமை தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற ஆண் என்றால் ஒரு டன்னை நெருங்கும். ஓரக் கல் வைக்காமல் செடிக்காக விட்டிருந்த மெத்தென்ற கரையில் கால் வைத்து, வழுக்கி, லைனரைக் கிழித்திருக்கிறது.

ஓட்டை எங்கே என்று தேட ஒரு வழி உண்டு. பம்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பம்பு அணைந்தும் தண்ணீர் இறங்கினால் கசிவு குளத்தில்தான், குழாயில் அல்ல. எந்த மட்டத்தில் இறங்குவது நிற்கிறதோ அந்த மட்டத்தில்தான் ஓட்டை. நின்ற கோட்டில் சுற்றி வந்து, சந்தேகப்பட்ட இடங்களில் அத்தை சொட்டுச் சொட்டாகப் பாலை விட்டார். வடக்கு மூலையில் பால் ஒரு நூலாக இழுபட்டு மடிப்புக்குள் போனது. விரல் நீளக் கிழிசல். பரணிலிருந்த துண்டை வெட்டி ஒட்டினோம். இடம் நன்றாகக் காய வேண்டும், ஜனவரிக் குளிரில் பசை பிடிக்காது, இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருந்தோம். பசையும் நாடாவும் 1,450.

வேலிக்கு வந்தோம். கம்பி வலை காட்டெருமைக்கு நூல் மாதிரி. காட்டை ஒட்டிய இடத்தில் சூரிய மின்வேலி என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். இவ்வளவு சின்னக் குளத்துக்கு அது எதற்கு? எருமை வந்த வழி ஒன்றுதான், பழைய விறகுக் கொட்டகைக்கும் வேலிக்கும் நடுவே இருந்த சந்து. அதை இரும்புக் குழாய் இரண்டு வரிசை போட்டு அடைத்தோம், 9,800. மெத்தென்ற கரையிலும் கல் வைத்துவிட்டோம். அதன்பிறகு அது சாலைப் பக்கம் சுற்றிப் போகிறது. அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம், தாகத்துக்கு வந்ததுதானே என்கிறார். கரடி நடமாடும் ஊரில் கரடி இன்னும் வரவில்லை.

ஏப்ரலில் நாளைக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானால் 23 லிட்டர், ஒன்றரைக் குடம். ஊராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நாளில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுகிறார். அல்லி மூன்று பூ விட்டது.

மே மாதம் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். முக்கால் மீட்டர் தண்ணீர் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. கொட்டகையில் கிடந்த பழைய ஜன்னல் கிரில் இரண்டை, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கை கீழே, படிக்கட்டின் மேல் படுக்க வைத்திருக்கிறோம். கிரிலுக்குச் செலவில்லை. துரு போகத் தேய்த்து அடித்த பெயிண்டுக்கு 180 ரூபாய், அதை நான் இன்னும் நோட்டில் ஏற்றவில்லை.